கெடுதி வினாதல்

சங்க இலக்கியத்தில் ஓரளவு பயிற்சியுடைய எவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. தினைப்புனங் காக்கும் பெண்கள்முன் வில்லேந்திய இளைஞன் ஒருவன் வந்து நிற்கின்றான். தன் அம்பு பட்ட விலங்கொன்று இவ்வழியே தப்பிவந்தது, கண்டீர்களோ என்று வினவுகின்றான். பாட்டுக்குப் பாட்டு விலங்கு மாறும், ஓரிடத்தில் யானை, ஓரிடத்தில் கலைமான், வினா மாறுவதில்லை. இதனையே அகப்பொருள் இலக்கணகாரர் கெடுதி வினாதல் என்றனர். கெடுதி என்பது ஈண்டு தீமையன்று. கைதப்பிப் போன பொருள். தொல்காப்பியக் களவியலும், தலைவன் தோழியை அணுகும் முறைகளைக் கூறுமிடத்து, ஊரையும் பேரையும் கேட்பதோடு கெடுதியைக் கேட்பதனையும் சேர்த்தே கூறுகின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளாக நமது இலக்கியத்தில் அடிபட்ட மானொன்று இவ்வாறு ஓடிக்கொண்டிருக்கின்றது. அதனைத் தேடிப்பிடித்தவர் யாருமில்லை.

இதனை நான் முன்னர் எண்ணிப் பார்த்ததில்லை. உயர்தர வகுப்பில் கபிலரின் குறிஞ்சிப்பாட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், வன்னியின் காட்டோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து படிக்கும் மாணவன் எழுந்து கேட்டான்: “சேர், அடிபட்ட மான் எங்காலை போனதெண்டு ஆரும் பெட்டையளைக் கேப்பினமோ? நிலத்தையெல்லோ பாக்கோணும்?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, இது புலனெறி வழக்கு, உலகியல் வழக்கன்று என்று பல்கலைக்கழகத்திற் படித்த விடையைச் சொல்லி அவனை இருத்தினேன். அவன் இருந்தான், அவனது கேள்வி இருக்கவில்லை.

பின்னர் அவனுடைய அம்மப்பாவைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இளமையில் இடியன் துவக்குடன் காடு திரிந்தவர். இன்று இலங்கையில் மான் மரை வேட்டை சட்டப்படி குற்றம். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அதனைத் தடுத்துள்ளன. தடுப்பது சரியே. காடு சுருங்கிவிட்ட இந்நாளில் வேட்டைக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. அவர் தாம் கைவிட்டுப் பல்லாண்டுகளான ஒரு தொழிலைப் பற்றிப் பேசினார். நான் ஒரு பழம்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெடி பட்டதும் ஓடித் துரத்துபவன் வேட்டைக்காரன் அல்லன் என்பதே அவருடைய முதற் பாடம். மான் நின்ற இடத்துக்கு முதலிற் போகவேண்டும், ஓடிய திசைக்கன்று. அங்கே கிடக்கும் மயிரும், மண்ணில் ஊன்றிய குளம்பின் ஆழமும், இலையில் தெறித்த இரத்தமுமே வெடி எங்கே பட்டதென்பதைச் சொல்லும். இளஞ்சிவப்பாய் நுரை கலந்திருந்தால் சுவாசப்பை. அந்த மான் தொலைவு போகாது. கருஞ்சிவப்பாயிருந்தால் ஈரல். பச்சை கலந்து நாற்றமடித்தால் வயிறு. அதுவே கெட்ட காயம். வயிற்றில் அடிபட்ட மானை உடனே பின்தொடர்ந்தால் அது படுத்த இடத்திலிருந்து எழுந்து மறுபடியும் ஓடும். அவ்வாறு ஓடும்போது குடல் வந்து துவாரத்தை அடைத்துவிடுவதால் இரத்தமும் சிந்தாது. ஆகவே மணிக்கணக்காகக் காத்திருக்கவேண்டும். மாலை வெடியாயின் விடியுமட்டும். மற்றக் காயங்களுக்கு ஒரு வாய் வெற்றிலை போட்டுத் துப்பி முடியும் நேரம் பொறுத்தாற் போதுமென்பார். தடத்தின்மேல் மிதிக்காது அதன் அருகாலே நடக்கவேண்டும். கடைசியாக இரத்தங் கண்ட இடத்திற் கொப்பொன்றை முறித்து அடையாளம் வைக்கவேண்டும். இலையின் எப்பக்கத்தில், நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்திற் பூசியிருக்கின்றது என்று பார்க்கவேண்டும். தடம் அற்றுப்போனால் முறித்த கொப்பிலிருந்து வட்டமாகச் சுற்றி வரவேண்டும். தண்ணீர் உள்ள பக்கத்தை முதலிற் பார்க்கவேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, “அடிச்சால் எடுக்கவேணும், மாஸ்டர், எடுக்க மாட்டாதவன் அடிக்கப்படாது” என்றார். கட்டுத்துவக்குக் கட்டுகின்றவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. அத்துவக்கு யாரையும் அடிக்கும். அடிபட்டது எங்கே போய்ச் செத்ததென்று அதற்குத் தெரியாது என்பது அவர் கட்சி.

பள்ளிக்கூடம் போகாத ஒரு மனிதர் உடற்கூற்றியலையும் விலங்கின் நடத்தையையும் நிலத்தின் இயல்பையும் இணைத்து, கண்ட தடயத்திலிருந்து காணாத விலங்கை உய்த்துணரும் முறையொன்றை என் முன்னே விரித்து வைத்தார். இதற்கு அறிவு என்றல்லாது வேறு பெயரிட எனக்கு மனமில்லை. இவ்வறிவைக் கையில் வைத்துக்கொண்டு குறிஞ்சிப்பாட்டுக்குத் திரும்பினேன்.

குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழின் அகப்பொருளை அறிவித்தற்பொருட்டுக் கபிலர் பாடியதென மரபு கூறும். தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் முறையில் அமைந்தது. அதிலே தலைவன் வரும் காட்சியைப் பாருங்கள். மயிருக்கு எண்ணெய் பூசி, நறுமணச் சாந்திட்டு, அகிற்புகை ஊட்டி, பலவகைப் பூக்களைச் சூடி அவன் வருகின்றான். வேட்டைக்கு! காற்றின் திசை பார்த்து நடக்கவேண்டிய காட்டிலே, மணத்தால் மனிதனை அறிந்து ஓடும் விலங்குகளின் முன்னே, இவ்வளவு வாசனையோடு ஒருவன் போனால் அவன் வில்லை வளைக்கும் தேவையே எழாது. அவனுடன் வந்த நாய்களோ கூரிய பற்களும் இமையாத கண்களுமாய்ப் பெண்களைச் சூழ்ந்துகொள்கின்றன. காயம்பட்ட விலங்கின் இரத்தம் மண்ணில் இருக்குமாயின் வேட்டை நாய் அதை விட்டுவிட்டுத் தினைப்புனத்துப் பெண்களிடம் ஏன் வருகின்றது? மூன்றாவதாக அவனுடைய வினா. இன்ன விலங்கென்றுகூடப் பெயர் கூறாது, தனக்குக் கெடுதி உண்டென்றே தொடங்குகின்றான். பெண்கள் வாய்திறவாதபோது, அதை விடாவிட்டாலும் தன்னோடு பேசினால் வரும் பழிதான் என்னவென்று கேட்கின்றான். தொலைந்த பொருள் இரண்டாம் வினாவிலேயே மறைந்துவிட்டது.

ஆகவே அவன் வேட்டைக்காரன் அல்லன். அவ்வாறாயின் அவன் யார்? மலைகெழு நாட்டின் தலைமகன். வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொள்ளும் வசதியுடையவன். மாணவனின் கேள்வி பாட்டின் குறையைக் காட்டியதென்று முதலில் நினைத்தேன். பாட்டின் உயிர்நிலையையே அது தொட்டதென்பது மெல்ல மெல்ல விளங்கிற்று. அப்பெண்கள் வேட்டுவக் குடியில் வளர்ந்தவர்கள். தமையன்மார் தடம் பார்த்துத் திரும்பும் வீட்டில் இருப்பவர்கள். அடிபட்ட விலங்கைப் பற்றி நிலத்தைக் கேளாது தம்மைக் கேட்கின்றவன் பொய் சொல்கின்றான் என்பது அவர்களுக்கு அந்தக் கணமே தெரிந்திருக்கும். அவர்கள் பேசாது நின்றது நாணத்தினால் என்று உரை சொல்லிக்கொடுத்து வந்தேன். நாணமும் இருக்கலாம். ஆனால் அம்மௌனத்தில், பொய்யைப் பொய்யென்று அறிந்த உழைப்பாளி வீட்டுப் பெண்ணின் கூர்மையும் இருக்கின்றதென்றே இப்பொழுது எண்ணுகின்றேன். கேட்போர் அனைவரும் வேட்டை அறிந்தோராயிருந்த காலத்தில் இது நகைச்சுவையாகவும் இருந்திருக்கும்.

அதே பாட்டில் இன்னொன்று. சிறிது பொழுதில் மதங்கொண்ட யானையொன்று பெண்களை நோக்கி வருகின்றது. தலைவன் அதன் முகத்தில் அம்பை எய்கின்றான். புள்ளி பொருந்திய நெற்றியில் குருதி வழிய யானை புறங்காட்டி ஓடுகின்றது. இப்பொழுது உண்மையாகவே ஒரு கெடுதி! முகத்தில் அம்பு தைத்த யானை காட்டுக்குள் போயிருக்கின்றது. காயம்பட்ட யானையை அப்படியே விடுவது குன்றக் குடிகளுக்கு எத்தகைய ஆபத்தென்பதை இன்று வன்னியில் வயல் செய்பவரும் அறிவார். யாரும் அதைத் தேடிப் போகவில்லை. பாட்டு ஆற்றங்கரைக்கும் கடம்பமரத்துக்கும் காதலுக்கும் திரும்பிவிடுகின்றது. கபிலரின் வருணனைத் திறனிலே தோய்ந்து, தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பூக்களையும் எண்ணிப் பார்த்த நாம், அந்த யானையை எண்ணவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். அகப்பாட்டு உலகியலையும் நாடக வழக்கையும் கலந்து அமைவது; அதிலே வேட்டை நூலைத் தேடுவது கவிதையறியாமை என்பர். மறுப்பு வலிமையுடையதே. ஆனால் அதே காலத்துப் புலவர்கள் வேட்டையை அறியாதவர்களாய் இருந்திருந்தால் மட்டுமே அது முழுமையும் பொருந்தும். பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் எயினரைப் பாடுமிடத்தைப் பார்க்கவேண்டும். மழை பொய்த்த காலம்; மானின் குளம்படி பதிந்த வழிகள்; நீருக்காகத் தோண்டிய குழியருகே பதுங்கியிருந்து நள்ளிரவில் வரும் பன்றியை எதிர்பார்க்கும் மனிதர்; அது கிடையாதொழிந்தால் பகலில் நாயும் வலையுமாக முயலைத் தேடல். இங்கே புலவனின் கண் நிலத்தில் இருக்கின்றது. பாடுபொருள் பிழைப்பாக இருக்கும்போது தடம் தெரிகின்றது. பாடுபொருள் தலைவனின் காதலாக மாறும்போது தடம் அழிகின்றது.

நற்றிணையின் 165 ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. கானவன் ஒருவன் ஆமானை நோக்கி எய்த அம்பு அதன் மார்பிற் பாயாது தவறிவிடுகின்றது. அவன் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தவறியதேன் என்று எண்ணுகின்றான். மலை அணங்குடையதாயிருக்கின்றது என்று கொள்கின்றான். மழை வேண்டி, சுற்றத்தோடு மலைத் தெய்வத்தை வழிபடப் புறப்படுகின்றான். ஓர் அம்பு தவறியது ஒரு குடியினர் எல்லோருடைய கவலையாகின்றது. ஏனெனில் அவ்வம்பின் முனையில் அவர்கள் யாவரதும் உணவு இருந்தது. மந்திரமும் உழைப்பும் பிரியாதிருந்த சமுதாய நிலையின் இத்துணைத் தெளிவான சித்திரம் வேறெங்கும் எளிதிற் கிடையாது. ஆயின் பாட்டிலே இவ்வளவும் தலைவனுடைய குன்றத்துக்கு அடைமொழியாகவே வருகின்றது என்பதையும் மறத்தலாகாது.

வேட்டுவன் எய்த மான் எங்கே போய்ச் சேர்கின்றது என்பதைப் புறநானூற்றின் 33 ஆம் பாட்டிலே கோவூர்கிழார் காட்டுகின்றார். சினமிக்க நாயையுடைய வேட்டுவன் மான் தசையை வட்டியிற் கொண்டு வருகின்றான். இடைக்குல மகள் தயிர்ப்பானை கொண்டு வருகின்றாள். உழவர் வீட்டுப் பெண்கள் குளத்தின் கீழ் விளைந்த நெல்லை முகந்து கொடுக்கின்றனர். மூன்று திணைகள் ஒரு முற்றத்திற் சந்திக்கும் பண்டமாற்று இது. திணைக் கோட்பாட்டைச் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு இணைத்துக் கா. சிவத்தம்பி 1974 இல் எழுதிய ஆய்வை வாசித்தவர்களுக்கு இதன் முக்கியத்துவத்தை விரிக்கவேண்டியதில்லை. எனக்கு இங்கே வேண்டியது சிறியதொரு செய்தி. மான் கைதப்பிப் போனால் அந்த வட்டி வெறுமையாயிருக்கும், நெல் கிடையாது. இத்தகையவனுக்குத்தான் அடிபட்ட மானைத் தேடிக் கண்டெடுப்பது கட்டாயம்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய 152 ஆம் பாட்டு. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் போய்த் தங்குகின்றது. ஒன்றும் காயத்தோடு ஓடவில்லை. எய்தவனைக் கண்ட புலவர், இவன் இறைச்சி விற்பவன் போலத் தோன்றவில்லை, செல்வமுடையவன் என்று கருதுகின்றார். புகழுரையாகச் சொன்ன அச்சொல்லுக்குள் வர்க்க வேறுபாடு அப்பட்டமாய்க் கிடக்கின்றது. அரசன் வேட்டையில் அம்பு தவறுவதில்லை, ஆகவே தடம் பார்ப்பாரும் இல்லை. நள்ளியைப் பற்றிய 150 ஆம் பாட்டையும் அதே வன்பரணரே பாடியுள்ளார். என் மனத்துக்கு அது ஓரி பாட்டினும் மேலானது. மான் கூட்டத்தைக் கொன்ற குருதி படிந்த காலோடு வரும் வேட்டுவன், பலாமரத்தடியில் நனைந்திருந்த இரவலனுக்குத் தானே தீக்கடைந்து இறைச்சி சுட்டுக் கொடுக்கின்றான். பெயரையும் சொல்லாது போகின்றான். நள்ளியின் ஈகையை வியந்து நாம் கட்டுரை எழுதுகின்றோம். ஆனால் காட்டு வழிகளிற் பிரிந்துபோய் இன்னும் வந்து சேராத அவனது இளையர் அப்பாட்டில் ஓர் அடியில் வந்து மறைகின்றார்கள். அவர்கள் காட்டுக்குள் எதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்?

சங்க காலத்துக்குப் பின்னர் நிகழ்ந்தது இன்னொரு கதை. திருக்கோவையார் நானூறு பாட்டிலும் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்பன மதியுடம்படுத்தலின் தனித்தனித் துறைகளாகிவிட்டன. தஞ்சைவாணன் கோவை முதலான பிற்காலக் கோவைகள் இந்த ஒழுங்கையே பின்பற்றின. இலக்கணகாரர் தோழியின் உய்த்துணர்வுக்கு இடம் வைத்ததென்னவோ உண்மை. முன்னொன்றும் பின்னொன்றுமாய் வினவுகின்றவனின் கருத்து வேறென அவள் ஊகிப்பாள். ஆனால் எதைக்கொண்டு ஊகிக்கின்றாள்? கையிலே தழை இருப்பதைக் கண்டு. வினாக்கள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கண்டு. வேட்டுவ மகளாய் அல்ல, சொற்சாதுரியம் வாய்ந்த சபையினளாய். மான் இருக்கின்றது, இரத்தம் வற்றிவிட்டது. காட்டை அறியாத அவையிலே காட்டை அறியாத புலவன் பாடும்போது வேறெதுவும் நிகழ்ந்திருக்க முடியாது. கோவைகளின் சொல்லழகை நான் மறுக்கவில்லை; அவற்றுட் சில என்னைக் கவர்ந்தவையே.

வடமொழி மரபிலும் இவ்வினா உண்டென்பதை இங்கே நினைக்கலாம். மகாபாரத ஆதிபருவத்தில் பரீட்சித்து மன்னன் தன் அம்பு பட்டு ஓடிய மானைத் தொலைத்துவிட்டுத் தவத்திலிருந்த சமீக முனிவரிடம் கேட்கின்றான். மௌன விரதம் பூண்ட முனிவர் விடையிறுக்கவில்லை. வெகுண்ட மன்னன் செத்த பாம்பொன்றை வில்லின் நுனியால் எடுத்து அவர் தோளிற் போட்டுவிட்டுப் போகின்றான்; அதன் பயனாகவே முனிவர் மகனின் சாபமும் தக்கனால் மரணமும் நேர்கின்றன. அவனுடைய அம்பு பட்ட மான் எதுவும் அதுவரை தப்பியதில்லையாம். பசியினாலன்று, அப்பெருமை குலைந்ததனாலேயே அவன் சினந்தான் என்று தோன்றுகின்றது. கேள்வி கேட்கும் அதிகாரம் உடையவனுக்கு எதிரே பேசாதிருப்பது குற்றமாகின்றது. குறிஞ்சிப்பாட்டுப் பெண்களின் மௌனத்தையும் இம்முனிவரின் மௌனத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வில்லேந்தியவன் முன் விடை கூறாதிருத்தல் எத்துணைத் துணிவான காரியமென்பது விளங்கும்.

பண்டித மரபினர் இவற்றையெல்லாம் அன்பின் ஐந்திணை என்றும் இயற்கைப் புனைவு என்றும் கூறித் திருப்தியடைந்தனர் என்பது பழைய குற்றச்சாட்டு. அதனை நான் மீண்டும் விரித்துரைக்கப் போவதில்லை. நம்மவர் மீதும் எனக்கு மனக்குறை உண்டு. 1960 களின் மரபுப் போராட்டத்திற்குப் பின்னர் வந்த முற்போக்கு விமர்சகர் பலர், குறிஞ்சி என்றதும் வேட்டைச் சமுதாயம், ஆதிப் பொதுவுடைமை என்ற இரு சொற்களை எழுதிவிட்டு அடுத்த திணைக்குப் போய்விடுகின்றனர். கைலாசபதி 1968 இல் வெளியிட்ட வீரயுகப் பாடல் ஆய்வில் ஒவ்வொரு வாய்பாட்டையும் சொற்றொடரையும் எவ்வளவு பொறுமையோடு ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதை அவர் பெயரைச் சொல்வோரிற் பலர் மறந்துவிட்டனர். உழைப்பு இலக்கியத்தின் அடித்தளம் என்று கூறுவது எளிது. எந்த உழைப்பு, எந்தக் கருவி, எந்தக் கையினால், எவ்வளவு நேரம் என்று கேட்கத் தொடங்கினாலன்றி அக்கூற்று இன்னொரு துறைப்பெயராகவே நின்றுவிடும். நானும் பத்தாண்டுக்கு மேலாக அப்படியே படிப்பித்திருக்கின்றேன்.

அடுத்த கிழமை குறுந்தொகையின் 272 ஆம் பாட்டை வகுப்பில் எடுத்தேன். ஒருசிறைப் பெரியனார் பாடியது, எட்டடி. தலைவன் கொடிச்சி ஒருத்தியின் தோளைத் தீண்டுதல் தனக்குக் கிட்டுமோ என ஏங்குகின்றான். ஏக்கத்துக்கு முதலடியின் ஒரு பாகமும் இறுதியின் சிறிது இடமுமே கிடைக்கின்றன. இடைப்பட்ட அனைத்தும் வேட்டை. இளையர் கல்லெறிந்து ஆரவாரித்துக் காட்டைக் கலைக்கின்றனர். இனத்தைப் பிரிந்த பிணைமான் துயரோடு எதிர்ப்படுகின்றது. கொடிச்சியின் தமையன்மார் கலைமானின் மார்பில் அம்பை அழுத்துகின்றனர். பின்னர் அதனைக் குருதியோடு பறித்தெடுக்கின்றனர். அவ்வாறு பறித்த சிவந்த அம்புகள் ஒன்றுக்கொன்று மாறுபட வைத்தாற் போன்றனவாம் அவள் கண்கள். காதற்பாட்டென்று வகுத்த இதிலே, காதலி யாருடைய தங்கை என்பதைப் புலவர் மறைக்கவில்லை. அம்பு பறிக்கப்படுகின்றது என்பதையும் பாருங்கள். இரும்பு முனையைக் காட்டில் விட்டுவர அத்தமையன்மாருக்கு வசதியில்லை. பறிப்பதற்கு, விழுந்த கலையின் அருகே போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். அடிபட்ட மானைக் கண்டெடுத்தவர்கள் ஈற்றில் இங்கேதான் நமக்கு அகப்படுகின்றனர். அதுவும் ஓர் உவமைக்குள்ளே.

மாணவர்களுக்கு இவ்வளவையும் சொல்லிவிட்டு, கண்ணிரண்டு என்பதால் அம்பும் இரண்டாதல் வேண்டும் என்றேன். அந்தப் பையன் மறுபடியும் எழுந்தான். “அப்ப முதல் அம்பிலை கலை விழேல்லை, சேர். காயத்தோடை ஓடியிருக்கு. பிறகு தேடிப் போய்த்தான் மற்ற அம்பு விட்டிருக்கினம்.” அவ்வம்புகள் இரு கலைகளின் மார்பிலிருந்து பறித்தவையாயும் இருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பாட்டில் ஒரு கலைதானே நிற்கிறது என்று அவன் புத்தகத்தைக் காட்டினான்.